வழியனுப்பிய வண்டி

கண்ணாடி மறுபடியும் திரும்பியிருந்தது.

வண்டிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்தியதும் அவன் கண் நேராக அங்கேதான் போனது. பின்னால் வருகிற வண்டிகளைக் காட்ட வேண்டிய கண்ணாடி, பின்சீட்டின் இடது மூலையை, மகள் மிளகு எப்போதும் உட்காரும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் வண்டியை நிறுத்தியபோது தன் உயரத்துக்குத் தோதாகச் சரிசெய்துவிட்டுத்தான் இறங்கினான். முந்தாநாளும் அப்படித்தான். திருகாணி தளர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைப் பிடித்து மேலே தள்ளினான். தளர்வாகவெல்லாம் இல்லை. இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

"அதை ஏம்ப்பா திருப்பற? என்னைப் பாக்கறதுக்குத்தானே வெச்சிருக்கு," என்றாள் மிளகு.

"யாரு வெச்சா?"

அவள் மடியில் இருந்த பள்ளிப் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். மிளகு அவனுடைய ஒரே மகள், இரண்டாம் வகுப்பு. பிறந்தபோது அவ்வளவு பொடியாக, அவ்வளவு காரமாக அழுததால் அவள் அம்மா வைத்த பெயர் அது. அந்த அம்மா போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்து அடுத்தது தொடங்கியிருந்தது.

சாவியைத் திருப்பினான். செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து இருமிவிட்டு அடங்கியது. எதிர்வீட்டுக்காரரும் பால் போட வந்தவரும் சேர்ந்து தள்ளிக் கொடுத்த பிறகுதான் என்ஜின் உயிர் பெற்றது. மிளகைப் பள்ளியில் விட்டுவிட்டு வண்டியை அணைக்காமல் நேராக மெக்கானிக்கிடம் கொண்டுபோனான்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் உச்சுக்கொட்டினார். வெளியே வந்தபோது நெற்றியில் கிரீஸ்.

"இந்த வண்டிக்கு என்ன வியாதி இல்லேன்னு கேளுங்க சார், அதைச் சொல்றது சுலபம். கிளட்ச் போச்சு. ரேடியேட்டர் ஒழுகுது. அடித்தகடு துருப்பிடிச்சு ரோடு தெரியுது. இன்னும் கொஞ்ச நாள் போனா நீங்க காலை வெளிய விட்டு நடந்தே ஓட்டலாம்."

"சரி பண்ண முடியுமா?"

"முடியாம என்ன? ஆனா இதுக்குக் கொட்டற காசுல வேற ஒண்ணு எடுத்துட்டுப் போயிடலாம். மனசு வரலேன்னா சொல்லுங்க, பிரிச்சு மேய்ஞ்சிடறேன்."

சொல்லிக்கொண்டே முன்கதவைத் திறந்து உள்ளே ஏறப் போனவர், முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க, "அம்மாடி!" என்று காலைப் பிடித்துக்கொண்டார்.

"இப்படி முன்னாடி இழுத்து வெச்சிருக்கீங்களே சார், இதுல எப்படி உக்காந்து ஓட்டினீங்க? நீங்க ஒட்டகம் மாதிரி இருக்கீங்க!"

அவன் குனிந்து பார்த்தான். சீட்டு கடைசி வரை முன்னால் நகர்ந்து கிடந்தது. இப்போதுதான் அதிலிருந்து காலை நீட்டி இறங்கியிருந்தான். கடையில் வேறு யாரும் இல்லை. "பிடி லூசா இருக்கும்," என்று மெக்கானிக் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. "லூசும் இல்லையே," என்றார், தலையைச் சொறிந்தபடி.

அவன் மனைவி குட்டை. கிளட்ச்சை மிதிக்க அவளுக்கு சீட்டு அவ்வளவு முன்னால் வர வேண்டும். பின்னால் இருக்கும் மகளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும் என்பதற்காகக் கண்ணாடியைச் சாய்த்து வைப்பாள். "ரோட்டைப் பாரும்மா தாயே," என்று அவன் கெஞ்சுவான். "ரோடு எங்கயும் ஓடிப் போகாது, உன் பொண்ணு பென்சிலை மூக்குல விட்டுக்குவா," என்பாள். வயிற்றுவலி வந்த அன்றைக்கும் அந்த வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். கோடு போட்ட இடத்தில் கோணாமல் நிறுத்தி, டோக்கன் வாங்கி, வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். அன்று மாலை, ஊசி குத்திப் பிளாஸ்திரி ஒட்டிய அவள் கையைக் கடைசியாகப் பிடித்துவிட்டு அவன் வெளியே வந்ததும், அவளுடைய செருப்பையும் வண்டிச் சாவியையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு அவனிடம் கொடுத்தார்கள். எப்படி ஓட்டிக்கொண்டு வந்தான் என்று இன்றைக்கும் அவனுக்குத் தெரியாது. கண்ணாடியில் காலியான பின்சீட்டு வழி முழுக்கக் கூடவே வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அவளிடம் இருந்து மிச்சம் என்று சொல்ல அந்த வண்டி ஒன்றுதான். புடவைகளில் வாசம் எப்போதோ போய்விட்டது. வண்டிக்குள் மட்டும், வெயிலில் நின்று சூடேறிய மதியங்களில், அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயும் கைக்குப் போடும் கிரீமும் கலந்த மணம் சீட்டுத் துணியிலிருந்து எழும்பி வரும். அதை எப்படிக் கொடுப்பது? "இப்போதைக்கு ஓடற மாதிரி மட்டும் பண்ணிக் கொடுங்க," என்று சொல்லிவிட்டு வந்தான்.

ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனையில், காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது அவனுடைய வேலை. சத்தம் புகாத சின்ன அறைக்குள் ஆளை உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, வெளியே இருந்தபடி மெல்லிய சத்தங்களை ஒவ்வொன்றாகக் கொடுப்பான். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சத்தமே கொடுக்காதபோதும் சிலர் கையைத் தூக்குவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவ்வளவு ஆசையாகக் காத்திருப்பார்கள், வேறொன்றும் இல்லை. அப்படிப்பட்டவர்களை அவன் ஒருபோதும் அதட்டியதில்லை.

அதனால்தான், பள்ளி விட்டு வந்ததும் மிளகு போர்ட்டிகோவில் நிற்கும் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவதைப் பார்த்தபோது முதலில் அவன் தடுக்கவில்லை. குழந்தைதானே, அம்மா ஞாபகம், பேசட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆனால் அவன் காது சும்மா இருக்கவில்லை. ஒரு சாயங்காலம், கொடியிலிருந்து துணி எடுக்கப் போனவன் வண்டியின் அருகில் நின்றான். உள்ளே மிளகு பேசுகிறாள், நிறுத்துகிறாள், "ம்" என்கிறாள், மறுபடி பேசுகிறாள். தனக்குத்தானே பேசும் குழந்தைகள் விடும் இடைவெளி ஒன்று உண்டு, அது மூச்சு வாங்கும் அளவுக்குத்தான் இருக்கும். இது அப்படி இல்லை. ஒருவர் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு இருந்தது. சில சமயம் நீளம், சில சமயம் ஒரே சொல்லுக்கான குட்டி இடைவெளி. ஒருமுறை பாதியிலேயே சிரித்துவிட்டாள், எதிராளி பேசி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது போல. அவன் குனிந்து கண்ணாடி வழியே பார்த்தான். மிளகு பின்னால் இடது மூலையில் இருந்தாள். ஆவி படிந்திருந்ததோ முன்னால், ஓட்டுகிறவர் பக்கத்துக் கண்ணாடியில். உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் படிந்து, சுருங்கி, மறுபடி படிந்தது.

கதவைத் திறந்து அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துதான் நின்றான்.

"யார்கிட்டம்மா பேசிட்டிருந்த?"

"அம்மாகிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"அங்க யாருமே இல்லையாம்ப்பா. ஒரே இருட்டாம். தனியாத் தூக்கமே வர மாட்டேங்குதாம். கூட வரியாடி மிளகுன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்னு சொன்னேன்."

மறுநாள் மிளகு அவனுடைய அக்கா வீட்டில் பாடம் படிக்கப் போயிருந்த சமயம் பார்த்து, அவன் வண்டிக்குள் போய் உட்கார்ந்தான். ஓட்டும் சீட்டில் இல்லை, பக்கத்தில், அவள் ஓட்டும்போது அவன் உட்காரும் இடத்தில். கதவைச் சாத்தினான். எண்ணெய் மணம் வந்தது. "நான்தான் வந்திருக்கேன்," என்றான். "என்கிட்ட ஒரு வார்த்தை பேசேன்." காத்திருந்தான். ரேடியேட்டர் சொட்டுகிற சத்தம் கேட்டது. தெருக்கோடியில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் பழகிய காது, இருக்கிற எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு அதற்கு அடியில் தேடியது. ஒன்றும் இல்லை. கண்ணாடியில் ஆவிகூட அவனுடையதுதான். அவனிடம் பேச அவளுக்கு எதுவும் இல்லை, அவள் கேட்பது குழந்தையை மட்டும்தான் என்று புரிந்தபோது, வெட்கமில்லாமல் டேஷ்போர்டில் தலையை வைத்து அழுதான்.

மிளகைக் கொண்டுவந்து விட்ட அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். அவனுக்கு மூத்தவள், இரண்டு தெரு தள்ளி இருப்பவள், இந்த வீட்டில் அடுப்பு எரிவதே அவளால்தான்.

"அது வண்டி இல்லடா. உன் பொண்டாட்டியோட சமாதி. அதுக்குள்ள குழந்தையை உக்கார வெச்சு ஊர் சுத்தற. முகத்தைப் பாத்தியா அவளுக்கு? சோறு இறங்கலை, வெளிறிப் போய்க் கிடக்கறா. எத்தனை தடவை சொல்லிட்டேன், தொலைச்சுத் தலைமுழுகு."

"சரிக்கா," என்றான். இந்த முறை உடனே சொன்னான்.

ஷோரூம்காரர் வேறு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். வெள்ளை நிறம், முன்பு வைத்திருந்தவர் அதிகம் ஓட்டாதது, உள்ளே பிளாஸ்டிக் நாற்றத்தைத் தவிர எந்த மணமும் இல்லை. அதுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. பழைய வண்டியை எடுத்துப்போக இழுவை வண்டி வேண்டியிருக்கும் என்று சொல்லிவைத்திருந்தான். ஷோரூம்காரர் சும்மா ஒரு தடவை பார்க்கலாமே என்று சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. இருமலே இல்லை.

"இவ்வளவு நல்லா இருக்கற வண்டியைப் போய்க் கொடுக்கறீங்களே சார்!"

மிளகு வாசல்படியில் உட்கார்ந்து குரலெழாமல் அழுதுகொண்டிருந்தாள். வண்டி மெதுவாக கேட்டைத் தாண்டியது. ஒரு காலத்தில் தினமும் காலையில் அவன் அங்கேதான் நிற்பான். அவன் மனைவி கண்ணாடியை இறக்கிக் கையை ஆட்டுவாள். அதே இடம், அதே வண்டி, அதே திரும்பல். அவன் கை தானாக எழுந்தது, வாய் தானாகத் திறந்தது.

"போயிட்டு வா," என்றான்.

அவன் மேல் என்ன குற்றம்? அவன் வளர்ந்த வீட்டில் யாரும் யாரையும் 'போ' என்று சொல்லி அனுப்பியதே இல்லை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் போயிட்டு வா, வேலைக்குப் போனாலும் போயிட்டு வா. துக்கம் கேட்க வந்தவர்கள் மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார்கள். நாக்கு பழகிய பழக்கம் அது.

அக்கா சிரித்துவிட்டாள். "ஏண்டா, அதைப் போய் வரச் சொல்ற? வந்தா எங்க நிறுத்துவ?"

அவனும் சிரித்தான். அப்புறம் மிளகைப் பார்த்தான். அவள் அழுகையை நிறுத்தியிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் இன்னும் காயவில்லை, ஆனால் தெருவைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தாள்.

சில நாட்கள் நிம்மதியாகத்தான் போயின. புது வண்டியில் கண்ணாடி வைத்த இடத்தில் இருந்தது. சீட்டு அசையவில்லை. மிளகு சோறு சாப்பிட்டாள், இரண்டாம் முறை கேட்டுக்கூட வாங்கினாள். ஆனால் விளக்கு வைக்கும் நேரமானால் பள்ளி ஷூவை மாட்டி, நாடாவைத் தானே இறுக்கிக் கட்டி, முன்னறையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொள்ளப் பழகியிருந்தாள்.

"எங்கம்மா கிளம்பற?"

"அம்மா வருவாங்கல்ல. நீதானே வரச் சொன்ன."

அவன் குனிந்து ஷூவைக் கழற்றுவான். மறுநாள் மறுபடி மாட்டிக்கொள்வாள்.

அப்புறம் அந்த மழை வந்தது. மதியம் பிடித்த மழை, விட்டு விட்டு இல்லாமல் ஒரே சீராக, கூரைத் தகட்டில் அரிசி கொட்டுகிறது போல விழுந்துகொண்டே இருக்க, சாயங்காலத்துக்குள் தெருவிளக்குகள் அணைந்து, ஈரச் சுவரின் சுண்ணாம்பு வாடையும் உருகும் மெழுகின் வாடையும் வீடு முழுக்க நிறைந்து, அக்காவும் வர முடியாமல் போன் செய்து விசாரித்து வைத்துவிட்ட பிறகு, அவனும் மிளகும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் மழைக்கு அடியில் அவன் காதுக்கு அது கேட்டது.

ஒரு இருமல். செல்ஃப் மோட்டார் இழுத்து இழுத்து இருமுகிற சத்தம்.

கேட்டுக்கு வெளியே.

இல்லை, என்று நினைத்தான். நீ காத்திருக்கிறாய், அதனால் கேட்கிறது. கையைத் தூக்காதே. தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். மறுபடி கேட்டது. என்ஜின் பிடித்துக்கொண்டது. தளர்ந்த பெல்ட்டின் விசில். கிளட்ச்சின் உறுமல். எத்தனை வண்டிகளுக்கு நடுவிலும் அவனால் பிரித்துச் சொல்ல முடிந்த சத்தம். பிறகு ஹாரன். சின்னதாக இரண்டு தடவை, பள்ளிக்கு நேரமாச்சு வாடி என்று அழைக்கிற மாதிரி.

மிளகு எழுந்து கையைக் கழுவினாள். ஷூ ஏற்கெனவே காலில் இருந்தது.

"உக்காரு," என்றான்.

ஷோரூம்காரரை போனில் கூப்பிட்டான். "உங்க வண்டியா சார்? அது எங்க யார்டுலதான் நிக்குது. பேட்டரியக் கழட்டி வெச்சாச்சு, டயரும் கழட்டியாச்சே. ஏன் சார்?" அவர் பேசும்போதே மறுபடி ஹாரன் அடித்தது. "உங்க பக்கத்துல யாரோ ஹாரன் அடிக்கறாங்க பாருங்க," என்றார் அவர்.

போன் கையிலிருந்து நழுவியது. அப்படியானால் அவனுக்கு மட்டும் கேட்கவில்லை.

மகளை இழுத்து மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவள் திமிறவில்லை. அவன் சட்டைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அம்மா பாவம்ப்பா. நனையறாங்க."

ஐயோ, அவனுக்கு மட்டும் பாவமாக இல்லையா? ஓடிப்போய்க் கதவைத் திறந்து, துண்டால் தலையைத் துவட்டி, உள்ளே கூட்டி வந்து உட்கார வைக்க அவனுக்கு மட்டும் ஆசை இல்லையா? ஆனால் மடியில் இருந்தது உயிருள்ள குழந்தை. சூடாக, மூச்சு விட்டுக்கொண்டு, அவனுக்கென்று இருக்கும் ஒன்றே ஒன்று.

நான்தான் வரச் சொன்னேன். நான்தான் போகச் சொல்ல வேண்டும்.

மிளகை உள்ளறையில் விட்டான். கதவைப் பூட்டினான். வாசல் கதவையும் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். மழைக்குள் இறங்கினான். போர்ட்டிகோவில் வெள்ளை வண்டி மூக்கைத் தெருப் பக்கம் வைத்து இருட்டாக நின்றது. அதன் சாவி அவன் பைக்குள். தாண்டிப் போய் கேட்டின் தாழ்ப்பாளை நீக்கி, விரியத் திறந்தான்.

தெருவில் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும். ஆனால் என்ஜின் சத்தம் கையெட்டும் தூரத்தில் நின்று அவனுக்காகக் காத்திருந்தது. எண்ணெய் மணம். கிரீம் மணம்.

வாழ்நாளில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான்.

"போ."

சத்தம் நின்றது.

"போயிடும்மா. வராதே. போ."

மழை மட்டும் கேட்டது. மணம் கரைந்தது. அவன் கேட்டைப் பிடித்துக்கொண்டு விம்மினான். சொல்லிவிட்டான். கட்டியவளைத் துரத்திவிட்டான். பரவாயில்லை. குழந்தை மிஞ்சினாள்.

பின்னால் வெளிச்சம் விழுந்தது.

திரும்பினான். வெள்ளை வண்டியின் முகப்பு விளக்குகள் எரிந்தன. பைக்குள் கையை விட்டான். சாவி இருந்தது. வீட்டைப் பார்த்தான். கதவு பூட்டியபடியே இருந்தது.

வண்டி அலுங்காமல் நகர்ந்து அவனைத் தொடாமல் பக்கத்தில் கடந்தது. பின்சீட்டின் இடது மூலையில் மிளகு. பெல்ட் போட்டிருந்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவள் வாய் அசைந்தது: தேங்க்ஸ்ப்பா. முன்சீட்டின் இருட்டிலிருந்து ஒரு கை நீண்டு வந்து, அவள் நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. அவள் அதற்குத் தோதாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்தாள். அந்தப் புறங்கையில் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி ஒட்டிய பிளாஸ்திரி. கடைசியாக அவன் பிடித்திருந்த கை.

அப்பாவைக் கேட்டுச் சொல்றேன் என்றிருந்தாள். போ என்று சொல்லியிருந்தான். போய்க்கொண்டிருந்தார்கள்.

ஓடினான். வழுக்கி விழுந்தான். எழுந்தான். சிவப்பு விளக்குகள் தெருமுனைக்குப் போய்விட்டன. இன்னும் ஒரு திருப்பம், அவ்வளவுதான். ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது அவனிடம். அதைச் சொன்னால் எது வரும் என்பதும் தெரிந்திருந்தது.

"மிளகு!" என்று கத்தினான். "போயிட்டு வாம்மா! ரெண்டு பேரும் போயிட்டு வாங்க!"

சிவப்பு விளக்குகள் நின்றன.

மழை பெய்தது. பின்னால் வரும்போது எரியும் வெள்ளை விளக்கு எரிந்தது. வண்டி மெல்ல, மிக மெல்ல, அவனை நோக்கிப் பின்னாலேயே வரத் தொடங்கியது. பின்கண்ணாடியில் ஒட்டினாற்போல் மிளகின் முகம் தெரிந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தாள். உதடு வெளுத்திருந்தது. கண் இமைக்கவில்லை. சின்னக் கையைத் தூக்கி ஆட்டினாள். அந்தப் புறங்கையில், இப்போதுதான் ஒட்டியதுபோல் வெள்ளை வெளேரென்று, ஒரு பிளாஸ்திரி.

அவன் நடந்து திரும்பி வந்து, அவர்கள் உள்ளே வருவதற்காக திறந்து கிடந்த கேட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.